பூஜையில் வைத்த பத்திரம்

இன்றைக்கு சரஸ்வதி பூஜை. எங்கள் வீடுகளில் இன்று படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. புத்தகம், பேனா எல்லாவற்றையும் பலகையில் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால், நாளை விஜயதசமியன்று புனர்பூஜை முடிந்த பிறகுதான் எடுக்க வேண்டும். அறுபத்தொன்பது வயதுவரை நான் இதை மீறியதில்லை. இன்று மீறுகிறேன். பலகையிலிருந்தே பேனாவை உருவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி லலிதா சமையலறையிலிருந்து பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எழுதச் சொன்னவர், தெலுங்கும் உருதும் பேசும் இந்த ஊரில் எங்கள் தமிழ் மன்றத்தின் செயலாளராக இருக்கும் தேவசகாயம். நேற்று போன் செய்தார். "சீதாராமன் சார், இந்த வருஷம் சாய்கிருஷ்ணாவுக்குத் 'தொழில் செம்மல்' விருது குடுக்கிறோம். விழா மலருக்கு ஒரு ரெண்டு பக்கம் வாழ்க்கைக் குறிப்பு வேணும். சின்ன வயசுலேர்ந்து அவரைப் பாத்தவர் நீங்கதான். நாளைக்கு ராத்திரிக்குள்ள குடுத்தீங்கன்னா பிரஸ்ஸுக்கு அனுப்பிருவேன்" என்றார். அவருக்கு சரஸ்வதி பூஜை தடை எதுவும் கிடையாது. நல்ல மனிதர். விழாவுக்குக் குளிர்சாதன மண்டபமும் இரவுச் சாப்பாடும் யார் உபயம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குறிப்பு கேட்டார், கொடுக்கிறேன். அச்சடிப்பதும் கிழித்துப் போடுவதும் அவர் பாடு.

சாய்கிருஷ்ணா பிறந்தது ராமச்சந்திராபுரத்தில், தொழிற்சாலைக் குடியிருப்பில். அவன் அப்பா ராஜாராமனும் நானும் தொழிற்சாலையில் ஒரே பட்டறையில் வேலை, ஒரே கம்பெனி பஸ்ஸில் பயணம். எனக்குப் பரிசோதனைப் பிரிவு. வரும் பாகங்களைக் கேஜ் வைத்து அளப்பேன். சரியாக இருந்தால் கையெழுத்து, இல்லையென்றால் மேலே சிவப்பு பெயின்டை அடித்து ஓரமாகத் தள்ளுவேன். முப்பத்திரண்டு வருஷத்தில் அளக்காமல் ஒரு சாமானுக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. என் கையெழுத்துக்கு அங்கே ஒரு மரியாதை இருந்தது. ராஜாராமன் இப்போது இல்லை. இருந்திருந்தால் இந்த வேலையை எனக்குப் பதில் அவர் செய்திருப்பார், இதைவிடக் காரமாகவே.

பையனின் இளமைக் காலத்தைப் பற்றி மலரில் போடும்படியாக ஒன்றும் இல்லை. சுமாராகப் படித்தான், எல்லோரையும் போல இன்ஜினியரிங் போனான், எல்லோரையும் போல மாதாப்பூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் வேலைக்குப் போனான். எட்டு வருஷத்தில் ஆட்குறைப்பு வந்தது, அனுப்பிவிட்டார்கள். அதை இப்போது மேடைகளில் "கனவைத் தேடி வேலையை உதறினேன்" என்று சொல்லிக்கொள்கிறான். அன்று அவன் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். அழுததில் தப்பில்லை. பொய் சொல்வதில்தான் எனக்கு அருவருப்பு.

அழுது முடித்த பிறகு லலிதா அவனுக்கு தோசை வார்த்துப் போட்டாள். ஐந்தாவது தோசையில் அவன் முகம் தெளிந்தது. "மாமா, இந்த மாவு எந்தக் கடை?" என்று கேட்டான். நானே அவனை எழுப்பி, நடையைத் தாண்டி, எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

எதிர்வீடு கல்பகத்தினுடையது. மாரெட்பள்ளியில் இந்த அடுக்ககம் கட்டியதிலிருந்து நாங்கள் எதிரெதிர் வீடு. அவள் கணவர் பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தார். அவர் தவறிப்போன பிறகு கல்பகம் பால்கனியில் இரண்டு கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்றாள். நாற்பது வீடுகளுக்குக் குறையாது. அவளுடைய சட்டதிட்டங்கள் கடுமை. டப்பா மூடியில் பேனாவால் கிழமை எழுதியிருக்கும். செவ்வாய் என்று எழுதிய டப்பாவை வியாழக்கிழமை யாருக்கும் கொடுக்க மாட்டாள். "மூணாம் நாள் மாவை நான் தின்னுப்பேன், விக்க மாட்டேன்" என்பாள். மே மாதத்தில் மாவு சூடாகிவிடும் என்று கிரைண்டருக்குள் ஐஸ் கட்டி போட்டு அரைப்பாள். ஒரு முறை மாவு பொங்கவில்லை என்று நாற்பது வீட்டுக்கும் போன் செய்து, வாங்கியதைக் கொட்டச் சொன்னாள்.

சாய்கிருஷ்ணா அவளைப் பார்த்தவுடன் நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தான். கல்பகம் உருகிவிட்டாள். இரண்டு மாதம் தினமும் வந்தான். ஊறவைக்கும் நேரம், தண்ணீர் அளவு, கை எவ்வளவு நேரம் கலக்குகிறது, எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்தான். "மாமி, நீங்க ஒரு பிராண்ட்" என்பான். அது ஏதோ ஆசீர்வாதம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நான்கு வருஷத்துக்கு முன் இதே சரஸ்வதி பூஜை. சாயங்காலம் பட்டு வேட்டியில் வந்தான். கையில் தாம்பாளம். வெற்றிலை பாக்கு, பழம், புடவை, புடவைக்கு மேல் பதினான்கு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பத்திரம். "மாமி, இது நம்ம கம்பெனி பேப்பர். முதல்ல சரஸ்வதி கால்ல வையுங்கோ. நாளைக்கு விஜயதசமி, நீங்க எழுதற முதல் எழுத்து இதுவா இருக்கட்டும்" என்றான். கல்பகத்துக்குக் கண் கலங்கியது. பத்திரம் புத்தகங்களின் மேல் ஏறி உட்கார்ந்தது. அன்று அதை யாரும் படிக்கக் கூடாது, படிக்க மாட்டோம். எங்கள் வீடுகளில் வளர்ந்தவன், அவனுக்கு அது தெரியும்.

மறுநாள் காலை புனர்பூஜைக்குச் சரியாக வந்து நின்றான். கற்பூரம் அணையவில்லை, அதற்குள் "நல்ல நேரம் முடிய இன்னும் பத்து நிமிஷம்தான் மாமி" என்று பேனாவை நீட்டினான். முதல் பக்கம் பூராவும் சந்தனம். ஒரு ராத்திரி சாமிக்கு முன்னால் இருந்த காகிதத்தைப் புரட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க அங்கே இருந்த யாருக்கும் வாய் வரவில்லை. கல்பகம் மேலே ஒரு பிள்ளையார் சுழி போட்டாள். வக்கீல் எழுதிய பத்திரத்துக்குப் பிள்ளையார் சுழி! பிறகு பதினான்கு பக்கத்திலும் கையெழுத்திட்டாள். லலிதா எல்லோருக்கும் கேசரி கொடுத்தாள்.

பணத்தில் அவன் ஏமாற்றினான் என்று யாராவது எதிர்பார்த்தால் ஏமாந்து போவார்கள். ஒன்றாம் தேதி தவறாமல் கல்பகத்துக்கு மாதப் பணம் கொடுத்தான். பணத்தில் நேர்மையாக இருந்துவிட்டால் மற்றதைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவனுக்கு எங்கோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஆறு மாதத்தில் ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை, அதில் ராட்சத கிரைண்டர்கள். கடையெங்கும் 'கல்பகம் மாமி' மாவு வந்தது. முதல் பாக்கெட்டைக் கீழே யூசுப் பாயின் மளிகைக் கடையிலிருந்து நான்தான் வாங்கிவந்து அவளிடம் கொடுத்தேன். அட்டையில் அவள் முகம். நெற்றியில் பெரிய குங்குமம், மூக்கின் இருபுறமும் வைரம், தலை நிறையப் பூ. கல்பகம் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அண்ணா, அவர் போயே இத்தனை வருஷம் ஆச்சு. இவா என் தலையில பூ வச்சுட்டாளே."

நான் அன்றே போன் போட்டுக் கத்தினேன். சாய்கிருஷ்ணா சிரித்தான். "டென்ஷன் நக்கோ மாமா, டென்ஷனே வேண்டாம். பொட்டு பெரிசா இருந்தாதான் கஸ்டமருக்கு ட்ரஸ்ட் வரும்னு மார்க்கெட்டிங்ல சொல்றா." செத்துப்போன மனிதனை விற்பனைக்காக உயிரோடு நிறுத்தியிருக்கிறான், அதற்கு ஒரு ஆராய்ச்சி வேறு. அடுக்கக வாட்ஸ்அப்பில் அந்தப் படத்துக்கு எத்தனை கைதட்டல் வந்தது என்று எண்ணிப் பார்க்க எனக்குப் பொறுமையில்லை. படித்தவர்கள், பென்ஷன் வாங்குகிறவர்கள், ஒருவருக்காவது உறுத்த வேண்டுமே.

கொட்டகையில் முப்பது பெண்கள் வேலை பார்த்தார்கள். அத்தனை பேர் சட்டையிலும் 'மாமி' என்று பட்டை குத்தியிருக்கும். இருபத்திரண்டு வயது ஒடிசாப் பெண்ணும் மாமி. கல்பகத்துக்கு ஒரு விசிட்டிங் கார்டு, 'தலைமை ருசி அதிகாரி' என்று. அவளும் வாரம் மூன்று நாள் போய் மாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். பாக்கெட்டில் பத்து நாள் கெடு என்று போட்டபோது சண்டை போட்டாள். பவுடர் ஏதோ சேர்க்கிறோம், ஒன்றும் ஆகாது என்று சமாளித்தான்.

போன வருஷக் கோடையில் யூசுப் பாய் அவளை நிறுத்தி ஒன்று கேட்டார். "மாமி, விக்காம போன பாக்கெட்ட வேன்காரன் ஐஸ் பெட்டியில அடுக்கி வாபஸ் எடுத்துட்டுப் போறான். குப்பைக்குப் போற சரக்குக்கு ஐஸ் கைக்கு, எதுக்கு?"

கல்பகம் மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் கொட்டகைக்குப் போனாள். திரும்பி வந்த பாக்கெட்டுகளை இரண்டு பெண்கள் கத்தரியால் வெட்டி டிரம்மில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த டிரம் புது மாவுக்குள் போய்க்கொண்டிருந்தது. சாய்கிருஷ்ணாவைப் பிடித்துக் கேட்டாள். அவன் பதறவே இல்லை. "மாமி, பழைய மாவு கொஞ்சம் சேர்த்தா சீக்கிரம் பொங்கும்னு நீங்கதானே சொன்னேள்? பேப்பர்லயே இருக்கு, உங்க ரெசிபி."

"பாவி, அது ஜனவரி குளிருக்கு ஒரு கரண்டி. அதுவும் நேத்து மாவு, என் கையால அரைச்சது" என்று கத்தியிருக்கிறாள். அன்றோடு வாசல் காவல்காரன் அவளை உள்ளே விடவில்லை. "வயசாச்சு, ரெஸ்ட் எடுங்கோ மாமி" என்று செய்தி வந்தது. கூடவே ஒரு பூங்கொத்து.

அவள் ஓயவில்லை. பால்கனி கிரைண்டரைத் துடைத்து, பழைய வீடுகள் நாலுக்கு மறுபடி அரைத்துக் கொடுத்தாள். பத்தே நாளில் வக்கீல் நோட்டீஸ். 'கல்பகம் மாமி' என்ற பெயரில் மாவு விற்க அவளுக்கு உரிமை இல்லை. "அண்ணா, நான் பேரே போடலையே. அவாளா என்னைக் கல்பகம் மாமின்னு கூப்பிடறா. கூப்பிடாதேங்கோன்னு வீடு வீடாப் போய்ச் சொல்லணுமா?" என்று என்னிடம் கேட்டாள். நான் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, பார்க்கலாம் என்றேன். ஒன்றும் பார்க்கவில்லை.

இந்த வருஷம் மே மாதம், இரண்டாம் மாடியில் இருக்கும் சுபாஸ்ரீயின் ஐந்து வயதுக் குழந்தை வர்ஷினி ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தது. சுபாஸ்ரீ கோயம்புத்தூர்ப் பெண், ஐ.டி. வேலை. வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. காலையில் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, நேராக எதிர்வீட்டுக்கு வந்து அந்தப் பாக்கெட்டைக் கல்பகத்தின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"மாமி, உங்க மூஞ்சியப் பார்த்துத்தானுங்க வாங்குனேன். ஒரே கட்டடத்துல இருக்கீங்க. கொழந்தை குளுக்கோஸ் ஏத்திட்டுப் படுத்திருக்கு."

கல்பகம் வாதாடவில்லை. உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு கிளம்பிவிட்டாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, அது தன் கையால் அரைத்தது இல்லை, தன்னைத் துரத்தி ஒரு வருஷம் ஆகிறது என்று மெதுவாகச் சொல்லிப் புரியவைத்தாள். சுபாஸ்ரீ நம்பினாள், கல்பகத்தின் மடியில் படுத்து அழவும் செய்தாள். குழந்தை பிழைத்தது. நகரத்தில் இன்னும் பல வீடுகளில் இதே வாந்தி என்று செய்தி வர ஆரம்பித்தது.

அப்போதுதான் தொழில் செம்மல் மறுபடி எங்கள் நடையில் கால் வைத்தான், மூன்று வருஷத்துக்குப் பிறகு. வந்ததும் காலில் விழப் பார்த்தான். கல்பகம் காலை இழுத்துக்கொண்டாள்.

"மாமி, ஒரே ஒரு வீடியோ. நானே அரைச்சேன், நானே சாப்பிடறேன்னு ஒரு நிமிஷம் சொல்லுங்கோ. முப்பது பொம்மனாட்டிகளோட வேலை போயிடும், யோசிச்சுப் பாருங்கோ."

"குழந்தை வாந்தி எடுத்ததுடா. அது எப்படியிருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"எங்க டீம் ஃபாலோ பண்ணிண்டிருக்கு மாமி."

"நான் சொல்ல மாட்டேன். எழுந்து போ."

அவன் எழுந்தான். கோபமே இல்லை. நான் அவனுடைய அந்த முகத்தைத்தான் மறக்க முடியாமல் இருக்கிறேன். "பரவாயில்லை மாமி, உங்களைச் சிரமப்படுத்த வேண்டாம்னுதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நாலாம் நாள் வீடியோ வந்தது. குங்குமமும் வைரமும் பூவுமாகக் கல்பகம் கிரைண்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கல்பகத்தின் குரலில், அதே கும்பகோணத்து இழுப்பில், "நான் உங்க கல்பகம் மாமி பேசறேன். இது என் கையால அரைச்ச மாவு. என் பேரக் குழந்தைகளுக்கும் இதேதான்" என்று சொன்னாள். கல்பகத்துக்குப் பேரக் குழந்தைகளே கிடையாது. கம்ப்யூட்டர் செய்த பொம்மை. அவன் பிடித்து வைத்திருந்த இரண்டு மாதப் படம் போதுமானதாக இருந்திருக்கிறது. தமிழ் மன்றக் குழுவில் அதைக் கும்பிடு போட்டுப் பரப்பியவர்கள் எழுபத்துமூன்று பேர். இதை மட்டும் நான் எண்ணினேன்.

சுபாஸ்ரீ இறங்கி வந்தாள். வாசலில் நின்றபடியே பேசினாள். "ஆஸ்பத்திரியில ஒண்ணு சொன்னீங்க, இப்ப காசு வாங்கிட்டு இப்படிச் சொல்றீங்களே மாமி. உங்களப் போயி நம்புனேன் பாருங்க."

"அது நான் இல்லேடி."

"உங்க கொரல் எனக்குத் தெரியாதுங்களா?"

குழந்தை அம்மாவின் கையிலிருந்த போனையும் கல்பகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு போனைத் தொட்டு, "யே அஸ்லி மாமி" என்றது, இதுதான் நிஜ மாமியாம். சுபாஸ்ரீ அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து லிப்டில் கல்பகம் ஏறினால் அவள் இறங்கிவிடுகிறாள். கல்பகம் கிரைண்டரைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டாள். பேச்சும் குறைந்துவிட்டது. வாயைத் திறந்தால் எந்தக் கல்பகம் பேசுகிறாள் என்று எதிராளி யோசிப்பதாக அவளுக்கு ஒரு நினைப்பு.

கம்பெனிக்கு ஒன்றும் ஆகவில்லை. வாங்குகிறவர்கள் பிரிட்ஜில் ஒழுங்காக வைக்கவில்லை என்று அறிக்கை விட்டார்கள், விற்பனை ஏறியது. போன மாதம் இளம் தொழில்முனைவோர் கூட்டம் ஒன்றில் அவன் பேசியதை யாரோ அனுப்பினார்கள். கலாச்சாரத்தைப் புரிந்துகொண்டால் வியாபாரம் சுலபம் என்கிறான். "மாமிகிட்ட நான் பேரமே பேசலை. பேப்பரைப் பூஜையில வச்சேன், அவ்ளோதான்" என்கிறான். அரங்கம் சிரிக்கிறது. கையில் அப்போது சிவப்பு பெயின்ட் இருந்திருந்தால் நான் போனின் மேல் அடித்திருப்பேன்.

இதுவரை எழுதியது அவன் வாழ்க்கைக் குறிப்பு. இனி இன்று காலை நடந்தது.

பூஜை முடிந்ததும் கல்பகம் வந்தாள். கையில் அந்தப் பதினான்கு பக்கம், சந்தனக் கறை காய்ந்து போய். "அண்ணா, இதைப் படிச்சு எனக்குத் தமிழ்ல சொல்லுங்கோ" என்றாள். லலிதா பதறி, இன்றைக்குப் படிக்கக் கூடாதே, நாளைக்குப் படிக்கலாமே என்றாள். "அன்னிக்கும் இப்படித்தான் படிக்காம விட்டோம், லலிதா" என்றாள் கல்பகம்.

உட்கார்ந்து படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. அவளுடைய பெயர், முகம், குரல், சமையல் முறை எல்லாம் கம்பெனிக்கு. எந்தக் கருவியாலும் எந்த வடிவத்திலும் உண்டாக்கிக்கொள்ளலாம். அவள் உயிரோடு இருக்கும்போதும் அதற்குப் பிறகும்.

"பிறகும்னா? நான் போனப்புறமும் அவ பேசுவாளா?"

"பேசுவா" என்றேன்.

"எனக்குத் திவசம் நடக்கற அன்னிக்கும், பூ வச்சுண்டு?"

நான் தலையை ஆட்டினேன். அவள் அழவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பச் சொன்னாள். அவள் கையெழுத்துக்குக் கீழே இன்னொரு கையெழுத்தை விரலால் தொட்டு, இது யார் என்று கேட்டாள். தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

சாட்சி, வி. சீதாராமன், ஓய்வுபெற்ற பரிசோதனை அதிகாரி. பதவியைக்கூட விடாமல் எழுதியிருக்கிறேன். நல்ல நேரம் முடிய இரண்டு நிமிஷம் இருந்தது, பேனாவை என்னிடம் நீட்டினான், ஒரு வரி படிக்காமல் போட்டேன், கேசரி சாப்பிட்டேன். இவ்வளவு நேரம் ஊரையெல்லாம் காறித் துப்பியவன் இதை எழுதாமல் தாண்டிப் போயிருக்கிறேன், மேலே பார்த்தால் தெரியும். முப்பத்திரண்டு வருஷத்தில் அளக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை என்று பீற்றிக்கொண்டதும் அங்கேயே இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு போட்டதால் அது பொய் இல்லை என்று வேண்டுமானால் சாய்கிருஷ்ணா சொல்லுவான்.

"மலருக்கு எழுதறேளாமே, லலிதா சொன்னா" என்றாள் கல்பகம். "இதையும் எழுதுங்கோ. நான் சொன்னா இனிமே யாரும் நம்ப மாட்டா. நீங்கதானே சாட்சி."

எழுதிவிட்டேன். ஆரம்பத்திலிருந்து இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன். தேவசகாயத்துக்கு ஒரு பிரதி. இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு இப்போது இரண்டாம் மாடிக்குப் போகிறேன், சுபாஸ்ரீ கதவைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும்.

வி. சீதாராமன்,
சாட்சி.